சீனர் ஐந்நடையும் சைவர் ஐம்பூதமும்

ஒரு நாட்டு நூற்பொருளை மற்றொரு நாட்டு மொழியிற் பெயர்த்துரைக்குங்கால், சொல் ஒன்று பிறழினும் பொருள் பல பிறழும். சீனர் தம் காலக்கணிதத்திலும் பிறப்புக் குறிப்பிலும் மரம், தீ, மண், பொன், நீர் என ஐந்தினை வைத்து எண்ணுவர். இவ்வைந்தையும் தமிழில் எடுத்தெழுதுவோர் ‘சீனரது பஞ்சபூதம்’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர். அவ்வளவில் நில்லாது, பிறந்த ஆண்டின் ஈற்றெண்ணைக் கொண்டு ஒருவரை ‘நெருப்புப் பூதத்தார்’ எனவும், மற்றொருவரை ‘நீர்ப் பூதத்தார்’ எனவும் வகுத்து, அவரவர் குணமும் மணமும் வாழ்வும் தாழ்வும் அப்பூதத்தின் வழிப்பட்டன எனவும் கூறுவர். ஐம்பூதத் தலங்களை வழிபட்டும், சித்தாந்த நூல்களிற் பூதங்களின் இலக்கணத்தைப் பயின்றும் வரும் சைவர்க்கு, ‘நம் நூல் கூறிய பூதங்களையே சீனரும் கூறினர், ஆகலின் அவர் கூறும் பலனும் நமக்கு உடன்பாடே’ என்னும் மயக்கம் எளிதின் எழும். அம்மயக்கம் பெயரளவில் ஒழிவதன்று. உயிர் இன்னது, உடல் இன்னது, வினைப்பயனை ஊட்டுவோன் இன்னான் என்னும் முடிபுகளையே அசைப்பதாகலின், இப்பெயர்ப்பு ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சிக்குச் சோழநாடு மிகவும் ஏற்ற களமாகும். காவிரி நாட்டுக்கும் சீனத்துக்கும் உள்ள தொடர்பு பழமையுடையது. முதலாம் இராசராசன் விடுத்த தூதர் 1015-ஆம் ஆண்டிலும், இராசேந்திரன் காலத்துத் தூதர் 1033-ஆம் ஆண்டிலும், முதற் குலோத்துங்கன் காலத்துத் தூதர் 1077-ஆம் ஆண்டிலும் சீன அரசவை அடைந்தமை அந்நாட்டு வரலாற்று நூல்களாற் பெறப்படும். கீழ்கடல் வழிக்குத் தலைவாயிலாய் விளங்கிய நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னர் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பெற்ற செய்தியை இலெய்டன் செப்பேடுகள் உரைக்கின்றன. 1281-ஆம் ஆண்டில், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தே, சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் மங்கோலியப் பேரரசரின் நலங்கருதிச் சிவபெருமானை எழுந்தருளுவித்தமை, தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டால் அறியப்படுகின்றது. அது மெய்கண்ட சாத்திரங்கள் தமிழகத்தில் தோன்றிவந்த நூற்றாண்டேயாம்.

கோள்நூலும் இத்தொடர்பிற் பங்குபெற்றது. இந்தியக் குடிவழியினராய்ச் சீனத்துத் தாங் அரசவையில் விளங்கிய கௌதம சித்தர் என்பார், 718-ஆம் ஆண்டில் நவக்கிரகக் கணிதத்தைச் சீனமொழியிற் பெயர்த்தனர். இராகு, கேது என்னும் பெயர்களும் ஒலி சிறிதே திரிந்து அந்நாட்டு நூல்களுட் புகுந்தன. இங்குள்ள கோள்கள் அங்குச் சென்றனவன்றி, அங்குள்ள ஐந்து இங்குள்ள சாதகக் கணிதத்தில் இடம்பெற்றிலது. அதனால் இன்று அவை தமிழர்முன் புதியனவாய் வருங்கால், பழம்பெயர் ஒன்றை அவற்றுக்கு ஏற்றிவிடுதல் எளிதாயிற்று.

இனி, சீனர் கூறும் ஐந்தின் இயல்பை அவர் நூல்வழியே காண்டல் முறையாகும். ‘வரலாற்று நூல்’ எனப் பொருள்படும் அவரது பழைய தொகுதியுட் ‘பெருந்திட்டம்’ என்னும் அதிகாரம், இவ்வைந்தையும் அவற்றின் தொழிலால் விளக்குகின்றது. நனைத்துக் கீழ்நோக்கிச் செல்வது நீர். எரிந்து மேல்நோக்கிச் செல்வது தீ. வளைந்தும் நிமிர்ந்தும் நிற்பது மரம். உருகி வேறுவடிவு கொள்வது பொன். விதைப்புக்கும் அறுப்புக்கும் இடமாவது மண் என்பது அதன் கருத்து. கி. மு. மூன்றாம் நூற்றாண்டளவில் விளங்கிய சௌ யென் முதலிய அறிஞர் இதனை விரித்து, உலகியல் முழுவதற்கும் பொருத்தினர். மரம் இளவேனிலும் கிழக்கும் பசுமையும் ஆம். தீ கோடையும் தெற்கும் செம்மையும் ஆம். பொன் கூதிரும் மேற்கும் வெண்மையும் ஆம். நீர் பனிக்காலமும் வடக்கும் கருமையும் ஆம். மண் நடுவிடமும் மஞ்சள் நிறமும் ஆம். இவற்றுள் மரம் தீயைப் பிறப்பிக்கும். தீ சாம்பலாய் மண்ணைப் பிறப்பிக்கும். மண் பொன்னையும், பொன் நீரையும், நீர் மரத்தையும் பிறப்பிக்கும். இஃது ஆக்கமுறை. மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரைத் தடுக்கும். நீர் தீயை அவிக்கும். தீ பொன்னை உருக்கும். பொன் மரத்தை வெட்டும். இஃது அடக்குமுறை.

இவ்வைந்துக்கும் சீனர் இட்ட பொதுப்பெயர் ‘ஊ சிங்’ என்பது. ‘ஊ’ என்பது ஐந்து. ‘சிங்’ என்பது நடத்தல், செல்லுதல், ஒழுகுதல் என்னும் பொருளது. எனவே ‘ஐந்நடை’ என்பதே சொல்லுக்குச் சொல் நேராகும் பெயர்ப்பாம். பொருளின் மூலக்கூறு என்னும் கருத்து அப்பெயரில் இல்லை. ஒன்று தோன்றி வளர்ந்து முதிர்ந்து ஒடுங்கி மீளும் முறையே அதில் உளது. மரம் என்றது காட்டிலுள்ள மரத்தையன்று, முளைத்தெழும் நடையை. பொன் என்றது கழஞ்சிட்டு நிறுக்கும் பொன்னையன்று, இறுகிச் சுருங்கும் நடையை என்க.

‘பெயர் வேறாயினும் பொருள் ஒன்றாகலாமன்றோ?’ எனின், அதற்குச் சீனரே விடை பகர்ந்துள்ளனர். புத்த சமய நூல்களை அவர் தம் மொழியிற் பெயர்த்தபொழுது, அந்நூல்களில் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு மகாபூதங்கள் வந்தன. அவற்றுள் மூன்று தம்மிடத்து முன்னரே வழங்கிய மண், நீர், தீ என்பவற்றோடு பெயரொத்தும், அவற்றை அவர் ‘சிங்’ என்று பெயர்த்திலர்; ‘பெரியது’ எனப் பொருள்படும் ‘தா’ என்னும் சொல்லால் ‘நாற்பெரும்பொருள்’ என்றே பெயர்த்தனர். மகாபூதம் என்பதிலுள்ள ‘மகா’ என்னும் அடையை நோக்கி அமைத்த சொல் அது. தம் ஐந்தும் இந்திய நாட்டுப் பூதங்களும் ஒன்றல்ல என்பதை அவர் அன்றே தெளிந்திருந்தனர் என்பது இதனாற் பெற்றாம். அவர் கலவாது காத்த இரண்டினைத் தமிழர் இன்று கலத்தல் தகுதியோ என்பது சிந்திக்கற்பாலது.

கோள்களின் பெயரிலும் இக்கலப்புப் பெரும்பிழைக்கு இடனாகும். சீனர் வியாழனை மரமீன் எனவும், செவ்வாயைத் தீமீன் எனவும், சனியை மண்மீன் எனவும், வெள்ளியைப் பொன்மீன் எனவும், புதனை நீர்மீன் எனவும் வழங்குவர். தமிழிற் செவ்வாய் என்பது செந்நிறம் பற்றிய பெயர். வெள்ளி என்பது வெண்ணிறம் பற்றிய பெயர். இவ்விரண்டிலும் இருநாட்டாரும் கண்ட நிறம் ஒன்றே. ஏனைய மூன்றிலும் ஒற்றுமை இல்லை. இந்நாட்டார் வியாழனுக்கு மஞ்சளும், புதனுக்குப் பச்சையும், சனிக்குக் கருமையும் உரியவாகக் கொள்ள, சீனர் வியாழனுக்குப் பசுமையும், புதனுக்குக் கருமையும், சனிக்கு மஞ்சளும் உரியவாகக் கொண்டனர். மேலும், தமிழிற் ‘பொன்’ என்பது வியாழனுக்கே பெயராக வழங்கும். ‘பொன்’ தமிழில் உலோகப் பொதுவையும் உணர்த்துதல்போலச் சீனரது ‘சின்’ என்னும் சொல்லும் உலோகம், பொன் என்னும் இருபொருளும் தரும். சொல்லொப்புமை நன்கு அமைந்த அவ்விடத்தேதான் கோள் மாறிவிடுகின்றது. ‘பொன்மீன்’ என்று எழுதியதனைப் படிக்கும் தமிழர் வியாழனைக் கருத, சீனர் கருதியதோ வெள்ளியாம். ஆலங்குடிக்குச் செல்லற்பாலார் கஞ்சனூருக்கு வழிகேட்டு நிற்பது போல்வதோர் பிழை இது.

ஆண்டுக் கணக்கு இனி நோக்கற்பாலது. சீனர் பத்துக் குறிகளையும் பன்னிரண்டு குறிகளையும் இணைத்து அறுபது ஆண்டு கொண்ட வட்டம் அமைத்தனர். பத்தும் ஐந்நடையின்பால் இவ்விரண்டாகப் பகுக்கப்படும். ஈற்றெண் 4, 5 ஆயின் மரம். 6, 7 ஆயின் தீ. 8, 9 ஆயின் மண். 0, 1 ஆயின் பொன். 2, 3 ஆயின் நீர். பன்னிரண்டும் எலி முதல் பன்றி ஈறாகிய விலங்குகளாற் குறிக்கப்படும். இந்நாட்டிலும் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டு வட்டம் உளது. அது வியாழனது செலவோடு இயைபுடையது. இரண்டும் அறுபதாதல் பற்றி ஒன்றெனக் கொள்ளற்க. சீனரது இப்போதைய வட்டம் 1984-ஆம் ஆண்டிலும், தமிழரது பிரபவ 1987-ஆம் ஆண்டிலும் தொடங்கின. அன்றியும், ஆண்டொன்றே கொண்டு பலன் கூறுதல் சீனக் கற்றோர்க்கே உடன்பாடன்று. ஆண்டு, திங்கள், நாள், பொழுது என்னும் நான்கினையும் நான்கு தூணாக நிறுத்தி, ஒவ்வொன்றற்கும் இரண்டெழுத்தாக எட்டெழுத்து வகுத்து, நாட்குறியின் முதலெழுத்தையே பிறந்தாரைக் குறிப்பதாகக் கொண்டு ஆராய்வது அவரது விரிந்த முறை. ஈற்றெண் பார்த்துப் ‘பூதம்’ கூறுவது அவர் நூலுக்கும் குறைபாடு, சைவர் நூலுக்கும் வேறுபாடு என்க.

சைவ சித்தாந்தம் கூறும் பூதங்களின் நிலை வருமாறு. முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்ம தத்துவம் இருபத்துநான்கின் இறுதியில் நிற்பன ஐம்பூதங்கள். மாயையின் காரியமாய், அகங்காரத்தின் தாமதக் கூறாகிய பூதாதியினின்று ஓசை முதலிய தன்மாத்திரைகள் தோன்ற, அவற்றினின்று வான், வளி, தீ, நீர், நிலம் என்பன முறையே தோன்றும். வானுக்கு ஓசை ஒன்றே குணம், வளிக்கு ஓசையும் ஊறும், தீக்கு அவற்றோடு ஒளியும், நீருக்குச் சுவையும், நிலத்துக்கு நாற்றமும் கூடி ஐந்து குணங்களும் உள. திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம், இவற்றின் வடிவு, நிறம், எழுத்து, தெய்வம், தொழில் என்பவற்றை வகுத்துரைக்கும். நிலம் நாற்கோணம், பொன்னிறம். நீர் பிறை வடிவு, வெண்மை. தீ முக்கோணம், செம்மை. வளி அறுகோணம், கருமை. வான் வட்டம், புகைநிறம். இவற்றுக்குத் தெய்வம் முறையே அயன், மால், உருத்திரன், மகேசுரன், சதாசிவன் என்ப.

இவ்விடத்து ஒப்புமை அறவே இல்லை என்றல் நடுவுநிலைமையன்று. நிலத்துக்கு மஞ்சளும் தீக்குச் செம்மையும் இரு நாட்டார்க்கும் ஒக்கும். வான் வட்டம், நிலம் சதுரம் என்னும் கருத்தும் சீனரிடத்துண்டு. ஆயினும் நீர் அவர்க்குக் கருமை, இவர்க்கு வெண்மை. அவர் வைத்த மரமும் பொன்னும் இவர் எண்ணில் இல்லை. இவர் வைத்த வளியும் வானும் அவர் ஐந்தில் இல்லை.

‘மரத்தையும் பொன்னையும் நிலத்தின் கூறாக அடக்கி இருவரையும் ஒருப்படுத்தலாம்’ எனின், அதுவும் பொருந்தாது. பொன்னைத் தருக்க நூலார் தேயுவின்பாற் படுத்தினர். அவர் வழிச்செல்லின் சீனரது தீயும் பொன்னும் ஒன்றாகிவிடும். தீ பொன்னை அடக்கும் என்னும் அவர் முறை தன்னைத்தானே அடக்குவதாய் முடியும். ஐந்தும் ஐந்தாய் நிற்பதே அவர் முறைக்கு உயிர். எனவே எண்ணொப்புமை கொண்டு பொருளொப்புமை துணிதல் கூடாது.

ஐந்நடை ஒரு நாட்டின் பருவம் பற்றி எழுந்த முறை என்பதற்குக் காவிரி நாடே சான்றாகும். மஞ்சளாற்று நிலத்தில் நான்கு பருவங்களும் தம்முள் நன்கு வேறுபடுவன. இளவேனிலில் முளையெழும், கூதிரில் அரிவாள் விழும், பனிக்காலத்தில் நிலம் உறங்கும். அங்கே மரமும் பொன்னும் நீரும் அவ்வப்பருவத்தின் நடையைச் செவ்வனே காட்டுகின்றன. தஞ்சை வளநாட்டிலோ, குடகில் பெய்த மழையால் காவிரி புதுப்புனல் கொண்டு பெருகும் ஆடிப்பதினெட்டு, சீனக் கணக்கிற் கோடையின் கடைநாள்களில் வரும். அதாவது தீயின் பருவத்தில் நீர் பெருகும். குறுவை அறுப்பும் சம்பாவின் வளர்ச்சியும் அடுத்தடுத்து நிகழும் ஐப்பசியில், ஒரே ஊரில் ஒரு வயல் பொன்னாய் முற்ற மற்றொரு வயல் மரமாய் முளைக்கும். சம்பா அறுவடையாகும் தைத்திங்களோ அவர்க்குக் குளிர்காலத்தின் கடை. அறுக்கும் பொன்னின் பருவம் அன்று. ஆகவே ஐந்நடையின் பருவக்குறி நாடு மாறின் மாறும். ஐம்பூதமோ நாடு மாறின் மாறாது. காவிரிக் கரையிலும் மஞ்சளாற்றுக் கரையிலும் நிலம் தாங்கும், நீர் நனைக்கும், தீச் சுடும், வளி அசைக்கும், வான் இடங்கொடுக்கும். தத்துவம் என்பது அத்தகையது.

அடக்குமுறையும் எல்லா இடத்தும் நிகழ்வதன்று என்பதைச் சீன அறிஞரே எடுத்துக்காட்டினர். தீ மிகின் பொன் உருகும். பொன் மிகின் அதன் சுமையால் தீ அவியும். ஆகலின் வெல்வது அளவேயன்றி இனமன்று என்னும் கருத்தை மோ சூ என்பாரது வழியினர் உரைத்தனர். மண் நீரைத் தடுக்கும் என்பதனைக் கல்லணையிற் காணலாம். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் நீர் கரைமண்ணை வென்றதனையும் சோழநாடு கண்டது. நீர் மண்ணைப் படைப்பதோ அவரது ஆக்கமுறையிற் கூறப்படாத ஒன்று. காவிரி கொணர்ந்து படுத்த வண்டலின்மேலேயே தஞ்சை நெல்வயல் முழுவதும் நிற்கின்றது.

கி. பி. முதல் நூற்றாண்டினரான வாங் சுங் என்பார் இம்முறையைப் பின்னும் கடிந்து வினவினர். எலி நீருக்கும் குதிரை தீக்கும் உரியவாயின், நீர் தீயை வெல்லுமாகலின் எலி குதிரையைத் துரத்தாதது என்னை? கோழி பொன்னுக்கும் முயல் மரத்துக்கும் உரியவாயின், கோழி முயலைத் தின்னாதது என்னை? என்பன அவர் கடாக்கள். அரசியலிலும் இம்முறை பிழைத்தது. கி. மு. 221-இல் சீனம் முழுவதையும் ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த சின் மன்னன், தனக்கு முன்னையோர் தீக்குரியோர் எனவும், அவரை வென்ற தன் ஆட்சி நீருக்குரியது எனவும் கொண்டு, கருநிறத்தை அரசநிறமாக்கினன். நீரின் துணைகொண்ட அவ்வாட்சி ஏறக்குறைய 15 ஆண்டில் வீழ்ந்தது.

இவையெல்லாம் அறிவுப்பொருளாய் நிற்கும் அளவில் இடரில்லை. மக்கள் வாழ்வில் இறங்குங்கால் விளையும் தீங்கே கருதத்தக்கது. சீன வட்டத்தில் தீயும் குதிரையும் கூடும் ஆண்டு அறுபதாண்டுக்கு ஒருமுறை வரும். குதிரையும் தீக்குரியதாகலின் அவ்வாண்டு இரட்டைத் தீ எனப்படும். அவ்வாண்டிற் பிறக்கும் பெண் கணவனுக்குக் கேடாவாள் என்னும் அச்சம் சப்பான் நாட்டில் வேரூன்றியது. 1966-ஆம் ஆண்டு அத்தகையது. 1965-இல் அந்நாட்டிற் பிறந்த குழவிகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 24 ஆயிரம். 1967-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 36 ஆயிரம். இடைப்பட்ட 1966-இலோ 13 இலட்சத்து 61 ஆயிரமே. கல்வியும் தொழிலும் சிறந்த ஒரு நாட்டில், பெயரளவாய்நின்ற ஒரு ‘தீ’ குழவிப் பேற்றில் நான்கில் ஒரு கூற்றைக் குறைத்தது. அதே வட்டத்தின்படி 2026-ஆம் ஆண்டும் தீக்குதிரை ஆண்டாம்.

அயல்நாட்டாரை நகைத்தற்கு இங்கு இடமில்லை. தமிழ்க்கணக்கில் 1966-67, 2026-27 என்னும் இரண்டும் பராபவ ஆண்டுகள்; தோல்வி எனப் பொருள்படும் அப்பெயர்க்கு அஞ்சித் தமிழர் மகப்பேற்றை ஒழித்திலர் என்பது மெய்யே. ஆயினும் செவ்வாய் தோடம் உடையாள் என்றும், மூல நாளிற் பிறந்தாள் என்றும் பெண்மக்களது மணத்தைத் தடுக்கும் வழக்கம் காவிரி நாட்டிலும் உளது. சீனர்க்குச் செவ்வாய் தீமீன் என்பதும், அங்கும் இங்கும் அஞ்சப்படுவது கணவனுக்குக் கேடு என்பதும் உடன்வைத்து நோக்கற்பாலன. இத்தகைய அச்சம் ஒன்று முன்னரே உள்ள இடத்தில், ‘நெருப்புப் பூதத்தாள்’ என்னும் புதிய பெயரொன்றைச் சைவநூற் சொல்லாலேயே சூட்டுவது, எரியும் இடத்தில் நெய்யை ஊற்றுவதாகும்.

சித்தாந்தம் இதன்கண் கூறும் முடிபு தெளிவானது. ஐம்பூதமும் எல்லார் உடலிலும் உள. ஒருவர்க்குத் தீ, மற்றொருவர்க்கு நீர் எனப் பங்கிட்டு வைக்கப்பட்டன அல்ல. அன்றியும் அவை உயிரின் இயல்பல்ல. உயிர்க்குக் கருவியாய் வந்து பொருந்தியன. உடலும் பொறியும் பூதமும் தானல்லன் என்று உயிரை வேறுபிரித்துணர்த்துதலே சிவஞானபோதம் ஆன்ம இலக்கணம் கூறுமிடத்துச் செய்யும் தொழில். தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி என முறையே வைத்தது, பூதமுதலியவற்றைக் கண்டு, அவை சடம் எனத் தெளிந்து, அவற்றினின்று நீங்குதற்பொருட்டாம். ‘யான் நெருப்புப் பூதத்தேன்’ என்று ஒருவர் தம்மைக் கருதுவாராயின், சாதனத்தால் நீங்கற்பாலதாகிய பற்றினையே தம் பெயராக ஏற்றுக்கொண்டவராவர்.

‘பூதம் சடமாயினும், கோளும் ஆண்டும் பயன் தருமன்றோ?’ எனின், அவையும் சடமாதல், பிறவுயிரேயாதல் ஆம். இருவழியும் தலைமை அவற்றுக்கில்லை. வினை தானே வந்து பயன்தரமாட்டாது; உயிரும் தானே அதனை எடுத்து நுகரமாட்டாது; கூட்டுவிப்போன் இறைவன் ஒருவனே என்பது இரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். கோள் காலத்தைக் காட்டும் குறியாகலாம்; ஊட்டும் கருவியுமாகலாம்; ஊட்டுவோனாகாது. ஓலை கொணர்ந்தானை அரசனெனக் கருதி அஞ்சுதல் பேதைமை.

சோழநாட்டுக் கோள்தலங்களின் அமைப்பே இதனைக் கண்கூடாகக் காட்டும். திங்களூர், புள்ளிருக்குவேளூர், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேச்சுரம், கீழப்பெரும்பள்ளம் என்னும் எட்டிலும் மூலத்தானத்து எழுந்தருளியிருப்பவர் சிவபெருமானே. கோள் அவர் திருக்கோயிலில் ஒரு பக்கத்து நிற்பது. குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம் எனக் கல்வெட்டிற் பெயர்பெற்ற சூரியனார் கோயிலில் மட்டுமே கதிரவன் நடுவிடம் பெற்றனன். புள்ளிருக்குவேளூரில் செவ்வாய் தன் நோய் நீங்கப்பெற்றான் என்பது தலவரலாறு. பிறர்க்கு நோய் தருவான் என்று அஞ்சப்படும் கோளே, நோயாளியாய் வந்து மருத்துவன் வாயிலில் நின்ற இடம் அது. திருநள்ளாற்றிலோ நளனைப் பற்றிய சனி, இறைவன் திருமுன்பில் தன் வலியிழந்தான் என்பர். அத்தலங்களுக்குச் செல்வோர் மூலத்தானத்தை வாளா கடந்து கோளின் முன்னே மட்டும் நின்று மீள்வாராயின், தலவரலாறு கற்பித்ததனை அத்தலத்திலேயே மறந்தவராவர்.

இதற்கு இலக்கியமாய் விளங்குவது திருமறைக்காட்டு நிகழ்ச்சி. பாண்டி நாட்டுக்கு எழுந்தருளப் புகுந்த ஆளுடைய பிள்ளையாரை, கோள்நிலை நன்றாயில்லை என்று ஆளுடைய அரசர் தடுத்தனர். பிள்ளையார் கோள்கள் இல்லை என்று மறுத்திலர். அவற்றின் நிலையை மாற்றுதற்குக் காலந் தாழ்த்தும் இலர். அடியார்க்கு அவை நல்லனவே என்று கோளறு பதிகம் அருளி, அன்றே புறப்பட்டனர். மதுரையில் அனல்வாதத்தில் ஏட்டைத் தீ எரித்திலது. எரியாது நின்ற அவ்வேடு திருநள்ளாற்றுப் பதிகம். புனல்வாதத்தில் ஏடு வைகை நீரை எதிர்த்துச் சென்றது. தடுத்த அரசரும் முன்னரே நீற்றறையுள் தீயையும், கல்லொடு பிணித்திட்ட கடலில் நீரையும் கடந்தவரே. தடுத்தது அன்பின் மிகுதியாலன்றிப் பூதத்துக்கும் கோளுக்கும் அஞ்சியதனாலன்று என்பது இதனாற் போதரும்.

சீனரது ஐந்நடையை முற்றும் இகழ்தல் இதன் கருத்தன்று. பருவம் மாறிமாறி வரும் ஒழுங்கினையும், ஒன்று மற்றொன்றை ஆக்கியும் அடக்கியும் உலகம் சமனுறுதலையும் கூர்ந்து நோக்கிய அறிவின் பயன் அது. மரத்துக்கு அருளுடைமையும், தீக்கு முறைவழி ஒழுகலும், மண்ணுக்கு வாய்மையும், பொன்னுக்கு நேர்மையும், நீருக்கு அறிவும் உரியவாக வைத்து அவர் மக்களை நன்னெறியில் ஊக்கினர். நடை என்ற பெயர்க்கு அப்பொருளே சிறப்பு. நடையை விதியாக்கி, விதியைப் பெண்மகவின் நெற்றியில் எழுதியது பிற்கால அச்சத்தின் செயல்.

ஆகலின், தமிழில் எழுதுவோர் அவ்வைந்தனை ‘ஐந்நடை’ எனவோ, ‘சீனர் ஐவகை இயக்கம்’ எனவோ வழங்குவாராக. ‘பூதம்’ என்னும் சொல்லை அதற்குரிய தத்துவப் பொருளிலேயே நிறுத்துவாராக. ஐந்நடை உலகின் செலவைக் கண்ட ஒரு நாட்டின் காட்சி. ஐம்பூதம் உடலின் முதலைக் கண்ட சாத்திர முடிபு. இரண்டனுள் ஒன்றும் உயிரின் பெயரன்று. ஒன்றும் உயிர்க்குத் தலைவனுமன்று. இத்துணையும் தெளிந்தார்க்கு ஆண்டின் பெயரும் பிறந்த நாளும் அச்சம் விளைப்பனவாகா. அவர் இல்லத்துப் பெண்மக்களும் கோளின் பெயராற் பழிசுமவார் என்பது.

திருச்சிற்றம்பலம்